டிஃபால்ட்னு ஒரு பரண்

டிஸ்கி: இது பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம். டேட்டாபேஸ் பக்கம் தலை வெச்சுக் கூடப் படுக்காதவங்களும் படிக்கலாம், நடுவுல ஒரு லாரி வருது. அது வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க :-)

போன வாரம் ஆபீஸ்ல ஒரு சின்ன உரசல். எங்க டீம்ல புதுசா ஒரு தம்பி சேர்ந்திருக்கான். நல்ல சூட்டிகை. ஒரு புது டேபிளுக்கு டிசைன் போட்டுக் கொண்டு வந்தான். தேதி வாரியா ரேஞ்ச் பார்ட்டிஷன் பிரிச்சிருந்தான், எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. கடைசி வரியில மட்டும் ஒரு டிஃபால்ட் பார்ட்டிஷன்.

"இது எதுக்கு தம்பி?"

"சும்மா ஒரு சேஃப்டிக்குண்ணா. எந்த ரேஞ்ச்லயும் சேராத ரெக்கார்டு வந்தா இதுல விழுந்துக்கும். இன்சர்ட் ஃபெயில் ஆகாதுல்ல?"

"அதனாலதான் வேணாங்கறேன்."

"ஃபெயில் ஆகணும்ங்கறீங்களா?"

"ஆமா."

அவன் என்னைப் பார்த்த பார்வையில மரியாதை கொஞ்சமாத்தான் இருந்துச்சு. அவனைச் சொல்லிக் குத்தமில்ல. அஞ்சு நிமிஷ மீட்டிங்ல சொல்லிப் புரிய வைக்கிற விஷயம் இல்ல இது. அதான் இங்க வந்து கொட்டுறேன்.

முதல்ல ரேஞ்ச் பார்ட்டிஷன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. மளிகைக் கடையில ஒரே ஒரு தடி நோட்டு போட்டு பத்து வருஷக் கணக்கையும் அதுலயே எழுதினா எப்படி இருக்கும்? தேடுறதைக் கூட விடுங்க, பழைய கணக்கை ஒழிக்கறதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு வரியா அடிச்சுட்டு உக்காரணும். அதுவே வாரத்துக்கு ஒரு நோட்டுன்னு வெச்சுக்கிட்டா, பழைய நோட்டைத் தூக்கிப் பேப்பர் கடையில போட்டுட்டு வந்துடலாம். டேபிளை இப்படி நோட்டு நோட்டா பிரிக்கிறதுதான் பார்ட்டிஷன். எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் எந்த நோட்டுங்கறது ரேஞ்ச்.

இதுல வேகம் வருமான்னு கேப்பாங்க. சில நேரம் வரும். ஆனா நல்ல இண்டெக்ஸ் இருக்கற டேபிளுக்கு, ஒரு வண்டியோட ஒரு நாள் ரெக்கார்டை எடுக்கப் பார்ட்டிஷன் பெருசா ஒண்ணும் கூட்டிக் கொடுக்காது. உண்மையான லாபம் ஒழிக்கறதுலதான். போஸ்ட்கிரெஸ்ல டெலீட் அடிச்சா ரெக்கார்டு உடனே டிஸ்க்கை விட்டுப் போயிடாது. செத்துடுச்சுன்னு ஒரு குறி மட்டும் விழும். அப்புறம் வேக்கம் வந்து அந்த இடத்தையும் இண்டெக்ஸையும் கூட்டிப் பெருக்கணும். கோடிக்கணக்குல டெலீட் அடிச்சா பெருக்கறவரே மூச்சு வாங்குவார். பார்ட்டிஷனை டிராப் பண்ணா ஃபைலே போயிடும். முடிஞ்சது ஜோலி.

சரி, இப்ப வேலிக்கு வருவோம். ஒரு ரேஞ்சுக்கு எல்லை எப்படிப் போடறதுங்கறதுல ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு முடிவு எடுத்திருக்கு.

மைஎஸ்க்யூஎல்ல மேல் எல்லையை மட்டும்தான் சொல்லணும், 'இதுக்குக் கீழ'ன்னு. கீழ் எல்லை தன்னால அமைஞ்சுடும். அதனால நடுவுல சந்து விழவே விழாது. ஆனா இன்னொண்ணு கவனிச்சீங்களா? எவ்வளவு பழைய தேதி வந்தாலும் முதல் பார்ட்டிஷன் அதை வாய்க்குள்ள போட்டுக்கும். அந்தப் பார்ட்டிஷனை டிராப் பண்ணும்போது அதுவும் சேர்ந்து போயிடும்.

எஸ்க்யூஎல் சர்வர்ல எல்லைப் புள்ளிகளை மட்டும் கொடுப்போம். அந்தப் புள்ளி இடது பக்கத்துல சேருமா வலது பக்கத்துல சேருமான்னு நாம சொல்லணும். சொல்லலைன்னா இடதுதான். ஜனவரி 1 நள்ளிரவுன்னு எல்லை போட்டுட்டு சும்மா விட்டா, சரியா 12 மணிக்கு வந்த ரெக்கார்டு போன வருஷத்துல போய் உக்காந்துடும். புள்ளிகளுக்கு ரெண்டு பக்கமும் இடம் இருக்கறதால எந்தத் தேதி வந்தாலும் அது உள்ள வாங்கிக்கும். முடியாதுங்கற பேச்சே கிடையாது.

ஆரக்கிள்ல 2007ல வந்த 11ஜி பதிப்புல இருந்து இன்டர்வல் பார்ட்டிஷன்னு ஒண்ணு இருக்கு. புதுத் தேதியோட ரெக்கார்டு வந்தா நோட்டைத் தானே வாங்கிப் போட்டுக்கும். சொகுசுதான். ஆனா 2080ம் வருஷத் தேதியில ஒரு ரெக்கார்டு வந்தாலும், நல்லா இருக்கீங்களான்னு கேட்டு அதுக்கும் ஒரு நோட்டு போட்டுக் கொடுத்துடும்.

போஸ்ட்கிரெஸ்ல 2017ல வந்த 10ம் பதிப்புல இருந்து ரெண்டு எல்லையையும் நாமே எழுதணும். ஆரம்பம் உள்ள சேரும், முடிவு சேராது. நடுவுல சந்து விட்டா விட்டதுதான், அது கேட்காது. சந்துல ஒரு ரெக்கார்டு வந்து விழுந்தா, இதுக்கு இடம் கொடுக்கப் பார்ட்டிஷன் இல்லன்னு எர்ரர் அடிச்சுத் திருப்பி அனுப்பிடும். அடுத்த வருஷமே, 2018ல, 11ம் பதிப்புல டிஃபால்ட் பார்ட்டிஷன் வந்துச்சு. எங்கயும் இடம் கிடைக்காததெல்லாம் அதுல போய் விழும்.

என் கட்சி இதுதான்: போஸ்ட்கிரெஸ் 10ல எடுத்த முடிவு சரி. 11ல கொடுத்த வசதியை நம்மள்ல பாதிப் பேர் தப்பான காரணத்துக்காகப் பயன்படுத்துறோம். அந்தப் பாதிப் பேர்ல நான் முதல் ஆள்.

கொசுவத்தியைச் சுத்திக்கறேன்...

அப்ப நான் வேலை பார்த்த இடத்துல லாரிகளுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டிக் கொடுப்போம். 600 வண்டி, பத்து செகண்டுக்கு ஒரு ரெக்கார்டு. ஒரு நாளைக்கு 50 லட்சத்துக்கு மேல. போஸ்ட்கிரெஸ் 12. கருவி சொல்ற நேரத்தை வெச்சு வாரத்துக்கு ஒரு பார்ட்டிஷன். திங்கள்ல இருந்து திங்கள் வரைக்கும். 90 நாள் தாண்டினதை டிராப் பண்ணிடுவோம். டிசைன் அடியேன்தான்.

2021க்கு 52 வாரத்துக்கும் நானே உக்காந்து ஸ்கிரிப்ட் ஓட்டிப் பார்ட்டிஷன் போட்டேன். ஜனவரி 4ல இருந்து. வருஷக் கடைசியில அடுத்த வருஷத்துக்குப் போடணும்னு ஒரு சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டியும் வெச்சேன். அப்புறம் வீட்ல இருந்து வேலைன்னு ஆகிப் போச்சு. சீட்டு ஆபீஸ்லயே இருந்துச்சு.

2022 புத்தாண்டு அன்னிக்கு ஒண்ணும் ஆகல. ஜனவரி 3, திங்கக்கிழமை. காலையில 5:30 மணிக்கு போன் அலறுது. எல்லைகளை யுடிசி நேரத்துல போட்டிருந்ததால நள்ளிரவுல சாக வேண்டியது விடிகாலையில செத்திருக்கு. 600 வண்டியும் மேப்ல அப்படியே நிக்குது. ஒவ்வொரு இன்சர்ட்டும் எர்ரர். எழுந்து, கண்ணைக் கசக்கி, பார்ட்டிஷன் போட்டு முடிக்க அரை மணி நேரம்.

டேமேஜர் வாங்கு வாங்குன்னு வாங்கினார். அந்தக் கடுப்புல நான் கவனிக்காத ஒரு விஷயம் இருந்துச்சு. அந்த அரை மணி நேரத்துல ஒரு ரெக்கார்டு கூடத் தொலையல. எங்க சர்வர், ரெக்கார்டு டேபிள்ல ஏறின பிறகுதான் கருவிக்கு 'வந்து சேர்ந்துச்சு'ன்னு பதில் அனுப்பும். பதில் வரலைன்னா கருவி தன் மெமரியில வெச்சுக்கிட்டு மறுபடி அனுப்பும். ஆறு மணிக்கு நான் பார்ட்டிஷன் போட்டதும் எல்லாம் வந்து சேர்ந்துடுச்சு. தூக்கம் போச்சு, மானம் போச்சு. டேட்டா போகல.

ஆனா நான் கத்துக்கிட்ட பாடம் என்ன தெரியுமா? இனிமே எர்ரரே வரக் கூடாது. ரெண்டு காரியம் பண்ணேன். ஒண்ணு, நாலு வாரத்துக்கு முன்கூட்டியே பார்ட்டிஷன் போடற மாதிரி ஒரு க்ரான் ஜாப். ரெண்டு, எதுக்கும் இருக்கட்டும்னு டிஃபால்ட் பார்ட்டிஷன்.

டிஃபால்ட் போட்ட முதல் வாரத்துலயே அதுல ரெக்கார்டு விழ ஆரம்பிச்சுது. என்னன்னு பார்த்தா கடிகாரம் கெட்ட கருவிகள். பேட்டரி செத்துப் போய் 1970 ஜனவரி 1ன்னு சொல்றது ஒரு ரகம். இன்னொரு ரகம் சுவாரசியமானது. ஜிபிஎஸ் சாட்டிலைட் வார எண்ணை 10 பிட்டுல அனுப்புது. அதனால 1024 வாரத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துடும். கடைசியா அப்படி ஆனது 2019 ஏப்ரல் 6. இதைச் சரியாக் கையாளத் தெரியாத பழைய கருவிகள் 1024 வாரம் பின்னால குதிச்சுடும். 2022 ஆகஸ்ட் 15ங்கறது அதுங்களுக்கு 2002 டிசம்பர் 30.

முன்னாடி இந்த மாதிரி கருவி வந்தா எர்ரர் லாக்ல அதோட நம்பரா ரொம்பும். சர்வீஸ் பையன் போய் மாத்திட்டு வருவான். டிஃபால்ட் வந்ததுக்கு அப்புறம் எர்ரர் நின்னு போச்சு. கருவியை மாத்தறதும் நின்னு போச்சு. 'டிஃபால்ட்ல எப்பவும் கொஞ்சம் குப்பை இருக்கும்'ங்கறது எங்களுக்குப் பழகிப் போச்சு. மாசக் கணக்கு ரிப்போர்ட் எழுதும்போது, வேகமா ஓடணும்னு வாரப் பார்ட்டிஷன்களை மட்டும் தனித்தனியா எடுத்து ஒரே நேரத்துல கணக்குப் போட்டோம். டிஃபால்ட்டை வேணும்னே விட்டோம். அது குப்பைதானே?

2022 ஜூலையில செலவைக் குறைக்கணும்னு யாருமே தொடாத பழைய சர்வர்களை நிறுத்தினாங்க. அதுல ஒண்ணுலதான் நம்ம க்ரான் ஜாப் ஓடிக்கிட்டு இருந்துச்சு. யாருக்கும் தெரியல. நாலு வார ஸ்டாக் தீர்ந்தது. ஆகஸ்ட் 15, திங்கக்கிழமை. ஆபீஸ் லீவு. காலை 5:30 மணிக்கு 600 வண்டியோட ரெக்கார்டும் டிஃபால்ட் பக்கம் திரும்பிச்சு. போன் அடிக்கல. மேப்ல வண்டி நல்லா ஓடுது. எல்லாம் பச்சை.

செப்டம்பர் முதல் வாரம் ஆகஸ்ட் ரிப்போர்ட் போச்சு. இதை வெச்சுத்தான் பல லாரி முதலாளிங்க டிரைவருக்குக் கிலோமீட்டர் பேட்டா கணக்குப் பார்ப்பாங்க. 6ம் தேதி நாமக்கல்ல இருந்து ஒரு முதலாளி போன் பண்ணார்.

"ஏனுங் தம்பி, உங்க பொட்டி பாதி ஓட்டத்தத் தின்னுருச்சுங்களா?"

நான் சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கல.

"பதினஞ்சாந் தேதிக்கு மேல ஒரு வண்டியும் நகரலீன்னு காட்டுது. மொதல்ல நம்ம டிரைவர்தான் பொய் சொல்றாப்டின்னு நெனச்சேனுங். ரெண்டு நாளா அவங்கூட ஒரே சண்டை. இப்பப் பாத்தா எல்லா வண்டிக்கும் அதே கதையா இருக்குதுங்."

டிஃபால்ட் பார்ட்டிஷனைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். 11 கோடி ரெக்கார்டு.

இதுக்கு அப்புறம்தான் உண்மையான கூத்து. பதட்டத்துல, முதல்ல அடுத்த வாரத்துக்காவது ஒரு பார்ட்டிஷன் போட்டுடுவோம்னு கமாண்டைத் தட்டினேன். அது போய் உக்காந்துடுச்சு. ஏன்னா டிஃபால்ட்னு ஒண்ணு இருந்தா, புதுப் பார்ட்டிஷன் போடும்போது அந்த ரேஞ்சுக்குச் சொந்தமான ரெக்கார்டு ஏதாவது டிஃபால்ட்ல இருக்கான்னு போஸ்ட்கிரெஸ் முழுசாத் தேடிப் பார்க்கும். தேடற வரைக்கும் டிஃபால்ட் மேல யாரும் உள்ள போக முடியாத பூட்டு. 11 கோடியையும் அது படிக்குது, வர்ற ரெக்கார்டெல்லாம் வாசல்ல நிக்குது. மேப்ல வண்டி நின்னுடுச்சு. ஜனவரி மாதிரியே :-(

அதையே இந்த வாரத்துக்குப் போட்டிருந்தா இன்னும் மோசம். பூட்டிப் போட்டுத் தேடி, கடைசியில, இந்த ரேஞ்ச் ரெக்கார்டு டிஃபால்ட்ல இருக்கு, முடியாதுன்னு சொல்லியிருக்கும். டிஃபால்ட்ல விழுந்தது தானா இடம் மாறாது.

கடைசியில வழி என்னன்னா, டிஃபால்ட்டை மொத்தமா டிடாச் பண்ணித் தனி டேபிளா கழட்டணும். அது நொடி வேலை. அப்புறம் விட்டுப் போன வாரங்களுக்குப் பார்ட்டிஷன் போடணும். அதுக்கும் அப்புறம் கழட்டின டேபிள்ல இருந்து ஒவ்வொரு நாளா எடுத்து மெயின் டேபிளுக்குள்ள ஊத்தணும். ஊத்தி முடிக்க ரெண்டு ராத்திரி ஆச்சு. பிறகு திருத்தின ரிப்போர்ட், மன்னிப்பு மெயில், எல்லாம். பேட்டா பாக்கி அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துச்சு.

அந்த டிரைவர் மட்டும் அதுக்குள்ள சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டாராம். 14 வருஷம் அவர்கிட்டயே ஓட்டினவர். "பொட்டி பொய் சொல்லாது"ன்னு முதலாளி சொன்ன ஒரு வார்த்தையில ரோஷப்பட்டுப் போனவர், பொட்டிதான் பொய் சொல்லுச்சுன்னு தெரிஞ்ச பிறகும் திரும்பி வரலன்னு கேள்வி.

ஜனவரியில நடந்த தப்புக்கு அரை மணி நேரத் தூக்கம் விலை. ஆகஸ்ட்ல நடந்ததுக்கு நான் விலை கொடுக்கல, முகம் தெரியாத ஒருத்தர் கொடுத்தார். ரெண்டுக்கும் காரணம் ஒரே மறதிதான், பார்ட்டிஷன் போடாம விட்டது. வித்தியாசம் என்னன்னா, முதல் தப்பு கத்துச்சு. ரெண்டாவது கத்தாத மாதிரி நானே வாயில துணியை அடைச்சு வெச்சிருந்தேன்.

இப்ப நியாயமா எதிர்க்கட்சியையும் பார்க்கணும். தம்பி கேட்டதுல ஒரு உண்மை இருக்கு. அனுப்பறவன் மறுபடி அனுப்பாத இடத்துல, ஒரு தடவை திருப்பி அனுப்பினா அந்த ரெக்கார்டு போனது போனதுதான். அங்க எர்ரர் அடிக்கட்டும்னு விடறது வீம்பு. ஒத்துக்கறேன். ஆனா அதுக்கும் மருந்து டிஃபால்ட் இல்ல. வந்ததை வந்தபடி வாங்கி வைக்க, பார்ட்டிஷனே இல்லாத ஒரு சாதா டேபிள் போதும். அங்க இறக்கி வெச்சுட்டு, சரிபார்த்து, உள்ள அனுப்பிக்கலாம்.

இன்னொரு யோசனையும் சொல்வாங்க. கருவி சொல்ற நேரத்தை விடு, சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை வெச்சுப் பிரி, அது நம்ம கடிகாரம், கெடாதுன்னு. நல்ல யோசனைதான், ஆனா இலவசம் இல்ல. போஸ்ட்கிரெஸ்ல யூனிக் கீ போடணும்னா பார்ட்டிஷன் கீயும் அதுல இருந்தாகணும். கருவி ஒரே ரெக்கார்டை ரெண்டு தடவை அனுப்பினா வந்து சேர்ந்த நேரம் ரெண்டும் வேற வேற. ரெட்டைப் பதிவைத் தடுக்கறது நம்ம தலையில விழும். போதாக்குறைக்கு, நேத்து வண்டி எங்க இருந்துச்சுன்னு கேட்கறவங்க கருவி நேரத்துலதான் கேட்பாங்க. எந்தப் பார்ட்டிஷன்ல தேடறதுன்னு டேட்டாபேஸுக்குத் தெரியாது. அதனால நான் கருவி நேரத்துலயே நின்னுட்டேன்.

இப்ப நான் எங்க போனாலும் போடற டிசைன் இதுதான்:

1. டிஃபால்ட் கிடையாது. சந்துல விழுந்தா எர்ரர். பழைய பெரிய டேபிளைப் பார்ட்டிஷனுக்கு மாத்தற காலத்துல தற்காலிகமா ஒண்ணு வெச்சுக்கலாம். வேலை முடிஞ்சதும் கழட்டிடணும். கூடுதலா ஒண்ணு: 2021ல வந்த 14ம் பதிப்புல இருந்து, டேபிளை அதிகம் பூட்டாம பார்ட்டிஷனைக் கழட்ட கன்கரன்ட்லின்னு ஒரு வசதி இருக்கு. டிஃபால்ட் இருக்கற டேபிள்ல அது செல்லாது.

2. தேதி நம்பற மாதிரி இல்லாத ரெக்கார்டைப் பார்ட்டிஷன் கிட்டயே போக விடக் கூடாது. இன்சர்ட்டுக்கு முன்னாடி பார்த்து, தனி டேபிள்ல, என்ன காரணத்துக்காக நிறுத்தினோம்னு எழுதி வைக்கணும். அதுக்கு ஒரு ஆள் பொறுப்பு. டிஃபால்ட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, பரணுக்கும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் கவுண்டருக்கும் உள்ள வித்தியாசம். பரண்ல தூக்கிப் போட்டதை யாரும் தேடி வர்றதில்ல.

3. க்ரான் ஜாப் ஓடிச்சான்னு பார்க்கற அலர்ட் வேணாம். ஜாப் செத்தா அலர்ட்டும் கூடவே சாகும். இன்னும் எத்தனை நாளைக்குப் பார்ட்டிஷன் கையிருப்பு இருக்குன்னு வேற இடத்துல இருந்து டேபிளையே கேட்கணும். 90 நாள் போட்டு வை, 60க்குக் கீழ போனா கத்து. அரிசி டப்பாவைத் திறந்து பார்க்கறதுதான் நம்பிக்கை. கடைக்குப் போனியான்னு கேட்டுக்கிட்டு இருக்கறதுல பிரயோஜனம் இல்ல.

4. ரிப்போர்ட் மெயின் டேபிளைத்தான் கேட்கணும். எந்தப் பார்ட்டிஷனைப் படிக்கணும், எதை விடணும்னு முடிவு பண்றது டேட்டாபேஸ் வேலை. நாம புத்திசாலித்தனமா ஒண்ணை விட்டா, ஒரு நாள் அதுலதான் எல்லாம் இருக்கும்.

இதெல்லாம் கேட்டுட்டுத் தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு எர்ரர் அடிச்சா யார்ணா எழுந்திரிக்கறது?"

நியாயமான கேள்வி. கத்தட்டும்னு டிசைன் பண்றவன், கத்தும்போது எழுந்திரிக்கவும் தயாரா இருக்கணும். இல்லன்னா அடுத்தவன் தூக்கத்துல நான் கொள்கை பேசற மாதிரி ஆயிடும்.

"முதல் மூணு மாசம் எனக்கு போன் பண்ணு"ன்னு சொல்லியிருக்கேன்.

அவன் அந்த வரியை அழிச்சுட்டான். பாதி மனசோடதான். மீதி மனசு என்னிக்காவது 5:30 மணிக்கு போன் அடிக்கும்போது வரும் :-)